டாக்ஸி டிரைவருக்கு முதுகுல ஒரு கண்ணு வேணும்

முன்பின் தெரியாத ஒரு ஆளை முதுகுக்குப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு, அவர் சொல்ற இடத்துக்கு, அவர் கூப்பிடுற நேரத்துக்கு, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல, ரெண்டு கண்ணும் ரோட்டுலன்னு போற வேலைதான் டாக்ஸி ஓட்டுறது. கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க, வேற எந்த வேலையிலயும் ஆளுங்க இப்படி உட்கார்றது கிடையாது. கடையில நிக்கிறவருக்கு நடுவுல மேசை இருக்கு, பேங்க்ல கண்ணாடித் தடுப்பு இருக்கு, ஆபத்துன்னா பின்வாசல் வழியா ஓடலாம், கத்தினா பக்கத்துல இருக்கிறவங்க ஓடி வருவாங்க. டிரைவர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கார், வண்டி ஓடிக்கிட்டிருக்கு, பின்சீட்ல இருக்கிற கை என்ன பண்ணுதுன்னு அவருக்குத் தெரியாது, திரும்பிப் பார்த்தா ரோடு போயிடும்.

நான் ராத்திரி டூட்டி ஓட்டுறவன், அதனால இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. வண்டிக்குள்ள கேமரா வைக்கணுமா வேண்டாமான்னு டிரைவருங்க நாலு பேர் சேர்ற இடத்துல எல்லாம் பேச்சு வரும், பேச்சு வந்தா சண்டையும் வரும். ஒரு பக்கம் "கேமரா இருந்தா உசுரு மிஞ்சும்"னு சொல்றவங்க, இன்னொரு பக்கம் "அது நம்மளை வேவு பார்க்கத்தான் வைக்கிறாங்க"ன்னு சொல்றவங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு. என் கருத்து என்னன்னா கேமரா கட்டாயம் வேணும், ஆனா அது டிரைவரோட ஆளா இருக்கணும், டிரைவர் மேல ஏவி விட்ட ஆளா இருக்கக்கூடாது, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் கேமராவோட விலையிலயோ கிளாரிட்டியிலயோ இல்ல, அந்தப் பதிவு யார் கைக்குப் போகுதுங்கிறதுல இருக்கு.

முதல்ல இந்த வேலை எவ்வளவு ஆபத்துன்னு பார்த்துடுவோம், ஏன்னா நிறைய பேர் இதை நம்புறதே இல்ல. அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராய்ச்சி பண்ற நியாஷ்னு ஒரு அரசு நிறுவனம் இருக்கு, அவங்க 1996ல ஒரு அறிக்கை விட்டாங்க. 1990ல இருந்து 1992 வரைக்குமான கணக்கு அதுல இருக்கு. எல்லா வேலையையும் சேர்த்து சராசரியா எடுத்தா வருஷத்துக்கு லட்சம் பேருக்கு 0.7 பேர் வேலை நேரத்துல கொலை செய்யப்பட்டிருக்காங்க, டாக்ஸி தொழில்ல மட்டும் அது லட்சத்துக்கு 41.4. கிட்டத்தட்ட 60 மடங்கு. போலீஸ் வேலையை விட, பணம் எடுத்துட்டுப் போற காவல் வேலையை விட டாக்ஸி ஓட்டுறது ஆபத்தா இருந்த காலம் அது. அதுக்கப்புறம் நிலைமை கொஞ்சம் நல்லாச்சு, ஆனாலும் மத்த தொழிலாளிங்களோட பார்த்தா டாக்ஸி டிரைவர் கொலையாகுற வாய்ப்பு 20 மடங்குக்கு மேலன்னு அதே நாட்டோட தொழில் பாதுகாப்புத் துறை பின்னாடி எழுதின குறிப்புல சொல்லியிருக்காங்க.

காரணம்னு அவங்க சொல்றதை எந்த நாட்டு டிரைவர்கிட்ட காட்டினாலும் தலையாட்டுவாங்க. தனியா வேலை பார்க்கிறது, கையில ரொக்கம் இருக்கிறது, ராத்திரி நேரம், யாருன்னே தெரியாத ஆளுங்க, குடிச்சவங்க, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். இதுல ஒண்ணு ரெண்டு இருந்தாலே ஆபத்துன்னு மத்த வேலைக்குச் சொல்லுவாங்க, ராத்திரி டாக்ஸியில இது அத்தனையும் ஒரே சவாரியில வந்து உட்காரும். கொலைங்கிறது கடைசி எல்லை, அதுக்குக் கீழ குத்து, அறை, எச்சில் துப்புறது, கழுத்தைப் பிடிக்கிறது, காசு குடுக்காம ஓடுறது, இதெல்லாம் கணக்குலயே வர்றதில்ல, ஏன்னா ஸ்டேஷன்ல போய் உட்கார்ந்தா அன்னைக்கு வருமானம் போச்சுன்னு டிரைவரே விட்டுட்டுப் போயிடுவாரு.

சரி, கேமரா வச்சா இது குறையுமா? குறையும், அதுக்கு ஆதாரம் இருக்கு. அதே நியாஷ் ஆராய்ச்சியாளருங்க அமெரிக்காவுல 26 பெரிய நகரங்களை எடுத்து 1996ல இருந்து 2010 வரைக்கும் 15 வருஷத்துல டாக்ஸி டிரைவர் கொலைங்க எப்படி மாறிச்சுன்னு பார்த்தாங்க. சில நகரத்துல டாக்ஸிக்குள்ள கேமரா கட்டாயம் ஆச்சு, சில நகரத்துல முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல தடுப்புக் கட்டாயம் ஆச்சு, மீதி நகரத்துல ரெண்டுமே இல்ல. கேமரா வச்ச நகரங்கள்ல, வைக்கிறதுக்கு முன்னாடி இருந்ததோட பார்த்தா கொலை விகிதம் ஏழுல ஒரு பங்காக் குறைஞ்சிருக்கு. ரெண்டுமே இல்லாத நகரங்களோட பார்த்தா மூணுல ஒரு பங்குக்கும் கீழ. தடுப்பு மட்டும் வச்ச நகரங்கள்ல அப்படிச் சொல்ற அளவுக்கு வித்தியாசம் தெரியல. 2013ல இது வெளிவந்துச்சு. இதைப் படிச்சப்ப எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, ஏன்னா கத்தியைத் தடுக்கிறது தடுப்புத்தானே, கேமரா எதைத் தடுக்கும்னுதான் யாருக்கும் தோணும்.

ஆனா டிரைவரா யோசிச்சா விளங்குது. கொள்ளையடிக்கணும்னு திட்டம் போட்டு ஏர்றவன் கணக்குப் போட்டுத்தான் ஏர்றான். ஆள் தனியா இருக்கான், சாட்சி இல்ல, இருட்டு, காசு இருக்கு, வண்டியை விட்டு இறங்கிட்டா நான் யாருன்னு யாருக்கும் தெரியாது. இந்தக் கணக்குல கடைசி வரிதான் அவனுக்கு தைரியம். கேமரா அந்த வரியை அழிச்சிடுது. தடுப்பு அப்படி இல்ல, தடுப்பு இருந்தா ஜன்னல் பக்கம் வந்து பேசுற மாதிரி பேசி அடிப்பான், டிரைவர் டிக்கியைத் திறக்க இறங்கும்போது அடிப்பான். அதோட தடுப்பு வச்ச வண்டியில பின்சீட்டுக்கு ஏசி காத்து ஒழுங்காப் போகாது, கால் வைக்க இடம் குறையும், சடன் பிரேக் போட்டா பாசஞ்சர் முகம் போய் அதுல மோதும். இருந்தாலும் பின்னாடி இருந்து கழுத்துல கயிறு போடுறதையும் கத்தி வைக்கிறதையும் தடுக்கணும்னா அது ஒண்ணுதான் வழி, அதனால தடுப்பே வேண்டாம்னு நான் சொல்லல, ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா கேமராவை முதல்ல வைங்கன்னு சொல்றேன்.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். கேமரா தடுக்கணும்னா அது இருக்குன்னு ஏறுறவனுக்கு ஏறுறதுக்கு முன்னாடியே தெரியணும். நிறைய பேர் டேஷ்கேமை, அதான் முன்கண்ணாடிகிட்ட மாட்டுற சின்னக் கேமராவை, ஒளிச்சு வைக்கிறாங்க, கறுப்பு டேப் ஒட்டி, கண்ணாடி மூலையில, யாருக்கும் தெரியாம. அது ஆதாரம் சேர்க்க உதவும், உயிரைக் காப்பாத்த உதவாது. பின்கதவு கண்ணாடியில ரெண்டு பக்கமும், கைப்பிடிக்கு மேல, படமும் எழுத்துமா "இந்த வண்டியில கேமரா பதிவு நடக்குது"ன்னு ஸ்டிக்கர் ஒட்டணும். ராத்திரியில தெரியிற மாதிரி ஒளி பட்டா மின்னுற ஸ்டிக்கரா இருந்தா இன்னும் நல்லது. மனசுல கெட்ட எண்ணம் இருக்கிறவன் கதவைத் திறக்கும்போதே யோசிக்கணும், உள்ள உட்கார்ந்து வண்டி பாதி தூரம் போனப்புறம் யோசிச்சா லேட்டு.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்றேன். ரெண்டு பேர் ஏறினாங்க, சின்னப் பசங்கதான், ஒருத்தன் இடது பக்கம், இன்னொருத்தன் சரியா எனக்குப் பின்னாடி. ராத்திரி வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தெரியும், டிரைவருக்கு நேர் பின்னாடி உட்கார்றவரை கண்ணாடியில பார்க்க முடியாது, தலை உச்சி மட்டும்தான் தெரியும். போட்ட இடத்துக்குப் பாதி தூரம் போனதும் "அண்ணே, அங்க வேண்டாம், இந்தப் பக்கம் திருப்புங்க, ஒரு பிரெண்டை ஏத்திக்கணும்"னு சொன்னான். அவன் காட்டின ரோட்டுல விளக்கே இல்ல. நான் வண்டியை மெதுவாக்கி, "தம்பி, ஆப்ல ஸ்டாப் மாத்திக்கோங்க, இது லைவ்ல போய்க்கிட்டிருக்கு, ரூட் மாறினா எனக்கு போன் வரும்"னு சொல்லிக்கிட்டே மேல கையைக் காட்டினேன். கேமராவைச் சுத்தி இருக்கிற, இருட்டுலயும் படம் எடுக்க உதவுற இன்ஃப்ராரெட் பல்பு ராத்திரியில லேசாச் சிவப்பாத் தெரியும், கவனிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். "இதுல சத்தமும் கேட்குமா?"ன்னான். "தேவைப்பட்டா கேட்கும் தம்பி"ன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க, அப்புறம் "இங்கயே இறங்கிக்கிறோம்"னு சொல்லி மெயின் ரோட்டுலயே இறங்கி, காசையும் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க நிஜமாவே பிரெண்டை ஏத்தத்தான் கேட்டாங்களோ என்னவோ, அதை யாரும் நிரூபிக்க முடியாது. கேமரா செய்யிற வேலையில பெரும்பகுதி இப்படித்தான், நடக்காம போனதுக்கு சாட்சி கிடையாது, அதனாலதான் ஓனருங்க "இவ்வளவு செலவு பண்ணி வச்சோம், ஒண்ணும் நடக்கலையே"ன்னு கேட்கிறாங்க. ஒண்ணும் நடக்காததுக்குத்தானே வச்சோம்.

அதே நேரம் கேமரா எல்லாத்தையும் தடுத்துடும்னு நம்பி உட்காரக்கூடாது. நல்லாக் குடிச்சவருக்கு கேமராவும் தெரியாது ஸ்டிக்கரும் தெரியாது. கோபத்துல கை ஓங்குறவர் நாளைக்கு என்ன ஆகும்னு யோசிக்கிற நிலைமையில இல்ல. வாடகை தகராறுல, வாந்தி எடுத்த சீட்டுக்குக் காசு கேட்டதுல, இறங்குற இடத்தைப் பத்தின வாய்ச்சண்டையில வர்ற அடி எல்லாம் இந்த ரகம். இதுக்கு கேமரா உதவுறது சம்பவம் முடிஞ்சப்புறம்தான், யார் முதல்ல கை வச்சாங்கன்னு காட்ட. அந்த நேரத்துல டிரைவரைக் காப்பாத்துறது அவர் வாயும் பொறுமையும்தான், கேமரா இருக்குங்கிற தைரியத்துல எதிர்த்துப் பேசுறது ரொம்ப ஆபத்து, வண்டியை வெளிச்சமான இடத்துல நிறுத்தி, சாவியை எடுத்துக்கிட்டு இறங்கி நிக்கிறதுதான் சரி.

வாங்குறவங்களுக்காக சில விஷயம் சொல்லிடுறேன், ஏன்னா கடைகள்ல இதை யாரும் சொல்றதில்ல. முன்னாடி ரோட்டைப் பார்க்கிற டேஷ்கேம் இருந்தா போதும்னு நினைச்சு நிறைய பேர் வாங்குறாங்க, அது விபத்துக்குத்தான், உங்க பாதுகாப்புக்கு கேபினை, அதாவது வண்டிக்குள்ள ஆள் உட்கார்ற இடத்தைப் பார்க்கிற கேமரா வேணும். கேபின் கேமராவுக்கு இன்ஃப்ராரெட் கட்டாயம் இருக்கணும், இல்லன்னா ராத்திரி பதிவுல கறுப்புத் திரையில குரல் மட்டும்தான் இருக்கும். வைக்கிற இடம் நடுக் கண்ணாடிக்குப் பக்கத்துல, டிரைவருக்கு நேர் பின்னாடி இருக்கிற சீட் கண்டிப்பா படத்துக்குள்ள வரணும், முன்சீட் ஹெட்ரெஸ்ட் அந்த முகத்தை மறைக்குதான்னு ராத்திரியில ஒருத்தரை உட்கார வச்சுப் பாருங்க. தொப்பி போட்டவங்க, தலை குனிஞ்சு போன் பார்க்கிறவங்க முகமும் ஓரளவு தெரியணும். வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள சூடு எக்கச்சக்கமா ஏறும், பேட்டரி வச்ச கேமரா அதுல உப்பிப் போகும், பேட்டரிக்குப் பதிலா கெப்பாசிட்டர்ங்கிற பாகத்துல மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கேமரா தாங்கும். மெமரி கார்டும் சாதா போன் கார்டு போடாதீங்க, நாள் முழுக்க எழுதி எழுதி அழிக்கிறதுல அது சீக்கிரமே செத்துடும், செத்துப் போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது, கேமரா லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இதுக்குன்னே தொடர்ந்து பதியிற கார்டு தனியா வருது.

இன்னொண்ணு இருக்கு, இதை முக்கியமாச் சொல்லணும்னுதான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். இந்தக் கேமராங்க எல்லாமே இடம் நிரம்பினதும் பழசை அழிச்சு அதுக்கு மேல புதுசை எழுதும். வண்டி எங்கயாவது மோதினா உள்ள இருக்கிற ஜி சென்சார் அந்த அதிர்ச்சியைப் புரிஞ்சுக்கிட்டு அந்தக் கிளிப்பை மட்டும் அழியாம பூட்டி வச்சுக்கும். ஆனா நின்ன வண்டியில ஒருத்தன் டிரைவர் கன்னத்துல அறைஞ்சா, கழுத்தைப் பிடிச்சா, வண்டி அசையவே அசையாது. சென்சாருக்கு அது ஒரு சம்பவமே கிடையாது. ஆஸ்பத்திரி, ஸ்டேஷன்னு அலைஞ்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்து பார்த்தா, அதுக்குள்ள வேற யாராவது அந்த வண்டியை எடுத்து ஓட்டியிருந்தா, அடிச்ச காட்சி மேல யாரோ சூட்கேஸ் ஏத்துற காட்சி எழுதியிருக்கும். அதனால கையால பூட்டுற பட்டன் எங்க இருக்குன்னு இருட்டுல தடவிப் பார்த்தே தெரிஞ்சு வச்சுக்கணும். அதே மாதிரி சாவியைப் பிடுங்கினதும் கேமராவும் அணைஞ்சு போற மாதிரி சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகி வைக்காதீங்க, ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்து நேரா வயர் எடுத்து, இன்ஜின் அணைஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் ஓடுற மாதிரி எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி வைக்கச் சொல்லுங்க. அடிக்க வர்றவன் முதல்ல பிடுங்குறது சாவியைத்தான்.

கேமராவையே பிடுங்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது? அதுக்குத்தான் டாக்ஸிக்குன்னே செய்யிற கேமராவுல கண்ணு ஒரு இடத்துல, பதியிற பெட்டி வேற இடத்துல இருக்கும், சீட்டுக்கு அடியிலயோ டிக்கியிலயோ பூட்டின பெட்டியில. சிம் போட்டு 4ஜில அப்பப்ப வெளிய அனுப்புற மாடலும் இருக்கு, சிக்னல் இல்லாத இடத்துல அது நிக்கும், அப்புறம் சிக்னல் வந்ததும் அனுப்பும். ரெண்டும் இருந்தா நல்லது.

பேனிக் பட்டனைப் பத்திப் பேசாம இதை முடிக்க முடியாது. டாக்ஸி ஆப் பலதுலயும் இப்ப ஒரு அவசர பட்டன் இருக்கு, விளம்பரத்துல பெருசாக் காட்டுறாங்க. அந்தப் பட்டன் இருக்கிற போன் எங்க இருக்கு? டேஷ்போர்டு மேல ஸ்டாண்டுல, எல்லாரும் பார்க்கிற இடத்துல, வெளிச்சம் அடிச்சுக்கிட்டு. கத்தி வச்சிருக்கிறவன் கண்ணு முன்னாடி கையை நீட்டி, ஸ்கிரீனைத் திறந்து, ஓரத்துல இருக்கிற குறியைத் தொட்டு, "நிச்சயமா?"ன்னு அது கேட்கிற கேள்விக்கு ஆமான்னு அழுத்தி... இது நடக்கிற காரியமா? போனைத்தான் அவன் முதல்ல பறிப்பான். உண்மையான பேனிக் பட்டன் கையையோ காலையோ நகர்த்தாம, பார்க்காம அழுத்துற இடத்துல இருக்கணும், ஸ்டியரிங்குக்குக் கீழ, இல்லன்னா இடது கால் பக்கத்துல, சத்தம் வராம, லைட் எரியாம. அழுத்தின உடனே இடமும் கேபின் படமும் ஒரு மனுஷன் முன்னாடி போய் நிக்கணும். அந்த மனுஷன் ராத்திரி மூணு மணிக்கும் முழிச்சு இருக்கணும். பட்டன் வச்ச எத்தனையோ இடத்துல பின்னாடி எடுத்துப் பேச ஆளே இல்ல, பதிவு பண்ணிட்டோம்னு ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான்.

இந்த விஷயத்துல ஜப்பான்காரங்க யோசிச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அங்க டாக்ஸியில டிரைவர் ரகசியமா ஒரு சுவிட்சைத் தட்டினா வண்டியோட கூரையில இருக்கிற விளக்கு சிவப்பா மின்ன ஆரம்பிக்கும், முன்கண்ணாடியில காலியா, ஆள் இருக்கான்னு காட்டுற பலகையில உதவி வேணும்ங்கிற மாதிரி எழுத்து வரும். உள்ள உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது, ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியும். நியூயார்க் டாக்ஸியிலயும் முன்னாடியும் பின்னாடியும் இதுக்குன்னே மஞ்சள் விளக்கு உண்டு. சிக்னலும் வேண்டாம், சிம்மும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். ஒரே குறை, அந்த விளக்கு மின்னினா என்ன அர்த்தம்னு பார்க்கிற மக்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியலன்னா ஏதோ ஒயரிங் கோளாறுன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க. அதனால விளக்கு வைக்கிறதோட பள்ளிக்கூடத்துல இருந்து டிவி வரைக்கும் அதைச் சொல்லிக் குடுக்கிறதும் அரசாங்கத்தோட வேலை.

ஆப் வந்தப்புறம் பயம் குறைஞ்சுதான் இருக்கு, அதை மறுக்கல. யார் புக் பண்ணினாங்க, எங்க போறாங்க, வண்டி எங்க நிக்குதுன்னு எல்லாமே பதிவாகுது, ரொக்கம் குறைஞ்சதால கையில பணம் இருக்கும்னு நினைக்கிறவனும் குறைஞ்சிருக்கான். ஆனா இன்னும் ஒரு ஓட்டை இருக்கு, அது பாசஞ்சர் யாருன்னு சரிபார்க்கிறதுலதான் இருக்கு. டிரைவர்கிட்ட லைசென்ஸ், போலீஸ் சரிபார்ப்பு, முகவரி எல்லாம் வாங்குறாங்க, டூட்டி தொடங்கும்போது செல்ஃபி எடுத்து அனுப்பு, நீதானான்னு பார்க்கணும்னு கேட்கிறாங்க, கேட்கட்டும், பாசஞ்சரோட நிம்மதிக்கு அது வேணும். பாசஞ்சர் பக்கம் ஒரு போன் நம்பரும் ஏதோ ஒரு பேரும் இருந்தா போதும். தாத்தா பேர்ல புக் பண்ணி பேரன் ஏறுவான், பட்டப்பேர்ல புக் பண்ணுவாங்க, ஏர்றது புக் பண்ணினவர்தானான்னு கேட்கவும் டிரைவருக்கு வழி இல்ல. ஊபர் கம்பெனி 2019ல வெளியிட்ட அமெரிக்கப் பாதுகாப்பு அறிக்கையில 2017, 2018 ரெண்டு வருஷத்துல அவங்க சவாரிகளோட தொடர்புடைய தாக்குதல்ல 19 பேர் செத்திருக்காங்கன்னு சொன்னாங்க, அதுல 8 பேர் பாசஞ்சர், 7 பேர் டிரைவர். ஆபத்து ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா இருக்கும்போது சரிபார்ப்பு மட்டும் ஏன் ஒரு பக்கமா இருக்கணும்? 2024லதான் அமெரிக்காவுல ஊபர்காரங்க சரிபார்த்த பாசஞ்சருக்கு ஒரு குறி போட்டு டிரைவருக்குக் காட்ட ஆரம்பிச்சாங்க. இது எல்லா ஆப்லயும், எல்லா நாட்டுலயும் வரணும், டிரைவர் சங்கங்க கேட்க வேண்டிய முதல் கோரிக்கையே இதுதான்னு நினைக்கிறேன்.

இப்ப வேவு பார்க்கிற பிரச்சனைக்கு வர்றேன். எங்க கூட ஓட்டுற ஒரு அண்ணன், பேர் வேண்டாம், அவர் ஓட்டின கம்பெனியோட பேரும் வேண்டாம். பாதுகாப்புக்குன்னு சொல்லித்தான் அவர் வண்டியில கேபின் கேமரா மாட்டினாங்க. வண்டிக்குள்ள சாப்பிட்டார்னு ஒரு தடவை அந்தக் கேமராவைப் பார்த்து சம்பளத்துல பிடிச்சாங்க, வீட்டுக்கு போன் பேசினார்னு இன்னொரு தடவை. அதெல்லாம் மறுநாளே வந்துச்சு. அப்புறம் ஒரு பாசஞ்சர் அவரைப் பின்னாடி இருந்து குத்தினான், மூக்கு உடைஞ்சுது. போலீஸ்ல குடுக்க பதிவு வேணும்னு கேட்டார். மேல அனுமதி வாங்கணும், லீகல் டிபார்ட்மென்ட்டுக்கு எழுதியிருக்கோம், அடுத்த வாரம் வாங்கன்னு இழுத்து இழுத்து, கடைசியில நாள் கடந்துபோச்சு, அழிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. ஒரே கேமரா, ஒரே பெட்டி. அபராதம் போட ஒரு நாள்ல கிடைச்ச பதிவு, அடி வாங்கினவருக்குக் கிடைக்கல. அந்த அண்ணன் அதுக்கப்புறம் கேமரா பக்கமே பேச மாட்டார், பேசினா கை நடுங்கும். அவர்கிட்ட போய் அந்த 26 நகரத்துக் கணக்கைச் சொல்ல எனக்கு மனசு வரல.

அதனால கேமரா மாட்ட வர்ற ஓனர்கிட்டயும் கம்பெனிகிட்டயும் கேட்டு எழுதி வாங்க வேண்டியது நிறைய இருக்கு. பதிவை யார் யார் பார்க்கலாம், எந்தக் காரணத்துக்குப் பார்க்கலாம், பார்த்தவங்க பேர் எங்க பதிவாகும், எத்தனை நாள் வச்சிருப்பாங்க, டிரைவர் கேட்டா எத்தனை மணி நேரத்துல குடுப்பாங்க, தண்டனைக்கு இதைப் பயன்படுத்துவாங்களா. டூட்டி முடிஞ்சு டிரைவர் சொந்த வேலையா குடும்பத்தோட போகும்போது அணைக்க முடியுமான்னும் கேளுங்க. இப்ப வர்ற சில கேமரா டிரைவர் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்து, கொட்டாவி விட்டா, கண்ணு மூடினா, போனைப் பார்த்தா மார்க் போடுது. தூக்கத்துல விபத்து ஆகாம எச்சரிக்கை பண்ணினா நல்லதுதான், அந்த மார்க்கை வச்சு சவாரி குறைச்சா அது பாதுகாப்பு இல்ல.

பாசஞ்சருக்கும் இதுல உரிமை இருக்கு, அதை டிரைவருங்க நாமளே மறந்துடுறோம். இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் நகரசபை 2009ல இருந்து எல்லா டாக்ஸியிலயும் படத்தோட சேர்த்து பேச்சையும் தொடர்ந்து பதியணும்னு விதி போட்டாங்க. தனிப்பட்ட தகவல் பாதுகாப்பைக் கவனிக்கிற அந்த நாட்டுத் தகவல் ஆணையர் 2012ல இது தனியுரிமையை மீறுறது, பேச்சை நாள் முழுக்கப் பதியிறதை நிறுத்துங்கன்னு உத்தரவு போட்டார், நகரசபை தீர்ப்பாயத்துக்குப் போச்சு, 2013ல தீர்ப்பாயமும் ஆணையர் சொன்னதுதான் சரின்னு சொல்லிடுச்சு. எனக்கு அது நியாயமாத்தான் படுது. பின்சீட்ல ஒரு அம்மா டாக்டர்கிட்ட பேசிக்கிட்டு வர்றாங்க, ஒருத்தர் வக்கீல்கிட்ட பேசுறார், புருஷன் பொண்டாட்டி சண்டை போடுறாங்க, இதெல்லாம் என் பெட்டியில எதுக்கு இருக்கணும்? படம் எப்பவும் பதியட்டும், சத்தம் பேனிக் பட்டனை அழுத்தினா மட்டும் பதியட்டும். 2020ல இங்கிலாந்து அரசு டாக்ஸி உரிமம் குடுக்கிறவங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியிலயும் இதே வழியைத்தான் சொல்லியிருக்காங்க, சத்தத்தைத் தொடர்ந்து பதியக்கூடாது, தேவைப்பட்டா பாசஞ்சரும் டிரைவரும் தனித்தனியா அழுத்தி ஆரம்பிக்கிற மாதிரி இருக்கணும், பதிவு அனுமதி இல்லாதவங்க திறந்து பார்க்க முடியாதபடி மறைகுறியாக்கத்துல இருக்கணும்னு. பாசஞ்சருக்கும் ஒரு பட்டன்ங்கிறது நல்ல யோசனை, தனியா போற பொண்ணுங்களுக்கு அந்தக் கேமரா தங்களுக்கும் சேர்த்துத்தான்னு தெரிஞ்சா அவங்களும் பயப்பட மாட்டாங்க.

சம்பவம் ஏதாவது நடந்துட்டா, முதல்ல நீங்க பத்திரமான இடத்துக்குப் போயிடுங்க, துரத்திக்கிட்டு ஓடாதீங்க. மூச்சு நிதானமானதும் பூட்டுற பட்டனை அழுத்திட்டு கேமராவை அணைச்சுடுங்க, அல்லது கார்டைக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்குங்க, அது மேல இனிமே எதுவும் எழுதக்கூடாது. ஒரு காப்பி எடுத்து வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட குடுங்க, ஒரிஜினலை போலீஸ்கிட்ட குடுக்கும்போது குடுத்ததுக்கு எழுத்துல ரசீது வாங்குங்க. கிளிப்போட நேரம் சரியா ஓடுதான்னு மாசத்துக்கு ஒரு தடவையாவது பார்த்து வச்சிருங்க, தேதி தப்பா இருந்தா எதிர்பக்க வக்கீல் அதைத்தான் முதல்ல பிடிப்பார். டிரைவர் குரூப்ல போட்டுடாதீங்க, கோபம் இருக்கும், போடணும்னு கை பரபரக்கும், ஆனா அது நாலு குரூப் தாண்டி வெளிய போச்சுன்னா வழக்கும் கெடும், அன்னைக்கு வண்டியில கூட இருந்த சம்பந்தமில்லாத பாசஞ்சர் முகமும் ஊரெல்லாம் சுத்தும். அடி சின்னதா இருந்தாலும் டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிக்குங்க, பதிவுல குத்து தெரியும், காயம் எவ்வளவுன்னு அந்தச் சீட்டுலதான் தெரியும், ஸ்டேஷன்ல ரெண்டையும் சேர்த்துக் குடுங்க.